இரவல் சட்டை போட்ட பக்கம்

சோதனை ஒன்று தோற்றால், தோற்ற கணத்தில் சேமிக்கப்பட்ட பக்கத்தைச் சோதனை நடந்த அதே இயந்திரத்தில் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே காரணம் எழுத வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. நிச்சயமாக இருந்தது, ஏனென்றால் அதை எழுதியவள் நான். படித்தவளும் நான் ஒருத்திதான் என்பது பிறகு தெரிந்தது.

சோதனைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கையேட்டைப் படிப்பீர்கள் என்று நம்பும் அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி தளரவில்லை. ஓய்வு பெற்றிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த விதியைப் பின்பற்ற முடியாமல் போனபோது நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதை.

அப்போது ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு டயாலிசிஸ் முன்பதிவுத் தளம் செய்துகொண்டிருந்தோம். செவிலியர் நோயாளியின் பெயரைத் தேர்ந்தெடுப்பார், நேரத்தைத் தேர்ந்தெடுப்பார், ‘உறுதி செய்’ என்ற பொத்தானை அழுத்துவார். இவ்வளவுதான் தளம். இதைச் செய்ய ஏன் அத்தனை பேர் தேவைப்பட்டோம் என்று கேட்காதீர்கள். நீங்களும் அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறீர்கள்.

எங்கள் தானியங்கிச் சோதனைகள் அந்தக் குழுமத்தின் சொந்த இயந்திரம் ஒன்றில் ஓடின. அந்த இயந்திரம் கர்நாடக எல்லையோரம் அத்திபெலேயில், அவர்களுடைய கணினிக் கூடத்தில் இருந்தது. நாங்கள் இருந்தது பழைய மெட்ராஸ் ரோட்டில். சோதனை தானாக ஓடும், முடிவு மின்னஞ்சலில் வரும். அந்த இயந்திரத்தை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. தொலைவிலிருந்து உள்ளே நுழையவும் அனுமதி இல்லை. திரையைப் படம் பிடித்து அனுப்பக்கூட விடமாட்டார்கள். நோயாளிகளின் விவரம் படத்தில் வெளியே போய்விடுமாம். சோதனையில் நாங்கள் பயன்படுத்திய நோயாளியின் பெயர் ‘டெஸ்ட் டெஸ்ட்’, வயது நூற்றிருபது. அவருடைய அந்தரங்கம் அவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டது.

வெளியே வர அனுமதிக்கப்பட்டவை இரண்டே இரண்டு. தோற்ற சோதனை சொல்லும் ஒற்றை வரி ஒன்று. தோற்ற கணத்தில் பக்கத்தில் இருந்த சொற்களின் கோப்பு ஒன்று.

சொற்களின் கோப்பு என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு வலைப்பக்கத்தில் சொற்கள் ஓர் இடத்தில் இருக்கும். எது என்ன நிறம், எது எங்கே நிற்க வேண்டும், எது தன் முறை வரும்வரை ஒளிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்டைல் கோப்பில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது ஸ்கிரிப்ட் கோப்பில். பக்கத்தைச் சேமித்தால் சொற்கள் மட்டுமே கையில் வரும். மற்ற இரண்டும் எங்கே கிடைக்கும் என்ற முகவரி மட்டும் கூட வரும், அதுவும் ‘பக்கத்து அறையில்’ என்பது போன்ற அரை முகவரி. அந்தக் கோப்பைக் கொண்டுபோய் உங்கள் மடிக்கணினியில் திறந்தால், முகவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். பக்கம் குளியலறையிலிருந்து அவசரமாக ஓடிவந்தவர் போல நிற்கும். தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். எங்கள் திட்ட மேலாளர் நாகேஷுக்கும் தெரியும். தெரிந்தது வேளைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

நாகேஷ் மண்டியாக் கன்னடர். ஜோகுபாளையத்தில் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்துக்காரர்களிடம் தமிழ் கற்றவர். நல்ல மனிதர், பதற்றம் மட்டும் சற்று முன்கூட்டியே வந்துவிடும்.

விநாயக சதுர்த்தி முடிந்த வாரத்தில் ஒரு காலை, முன்பதிவுச் சோதனை தோற்றது. வாடிக்கையாளருடன் காணொளிக் கூட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மின்னஞ்சல் வந்ததும் நாகேஷ் இணைப்பைத் திறந்தார். திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிட்டுத் திறந்தார்.

மருத்துவமனைத் தலைமை மருத்துவர், அவருடைய அதிகாரிகள், நாங்கள், எல்லோரும் பார்த்தோம். வெள்ளைத் திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கறுப்பு எழுத்துகள். ஒளிந்திருக்க வேண்டிய அறிவிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து வரிசையில் நின்றன. உங்கள் முன்பதிவு உறுதியானது. உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. இயந்திரம் பழுதடைந்துள்ளது. நோயாளி வரவில்லை. கடவுச்சொல் தவறு.

தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார், “எல்லாருக்கும் ரத்தா, இல்லை இந்த ஒருவருக்கு மட்டுமா?”

நாகேஷ் திரைப் பகிர்வை நிறுத்த முயன்று, ஒலியை நிறுத்தினார். ஆகவே அவர் சொன்ன விளக்கம் யாருக்கும் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் நெடுநேரம் அசைந்தன.

கூட்டம் முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். “ஸ்டைல் பூரா போயிருக்கு மேடம். கடைசியா ஸ்டைல்ல கை வெச்சது யாரு?”

கடைசியாகக் கை வைத்தது செந்தில். நாமக்கல்காரன். வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருந்தான். அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யவிருந்தார்கள். முந்தின மாலை ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றியிருந்தான். பச்சையை இன்னொரு பச்சையாக.

“இல்லீங்க சார், நிறம் மட்டுந்தானுங்க மாத்துனேன்,” என்றான்.

“நிறம் மாத்தினா துணி கழண்டு போகுமா? ஏதோ பண்ணியிருக்கே நீ.”

“என்ற மெஷின்ல நல்லாத்தானுங்க சார் இருக்குது.”

இந்த வாக்கியத்தை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள் என்று கணக்குக் கேட்க மாட்டேன். உண்மையாகவே இருந்தாலும், சொன்ன நொடியில் குற்றவாளி மாதிரி தோன்ற வைக்கும் வாக்கியம் இது. எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை.

சோதனையை எழுதியவள் கௌதமி. ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் திட்டி, மறுபடி தமிழில் முடிப்பாள். அவள் திரையைப் பார்த்துவிட்டு, “மேடம், இது சேவ் பண்ண பக்கம். எதுவா இருந்தாலும் இப்பிடிதான் தெரியும். பாஸ் ஆன டெஸ்டோட பக்கத்த சேவ் பண்ணாலும் இப்பிடிதான் நிக்கும். இத வெச்சி அவன புடிச்சா எப்பிடி?” என்றாள்.

சரியான பேச்சு. நாகேஷ் கேட்டாரா? அவர் ஏற்கெனவே மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கியிருந்தார்.

கையேட்டை எடுத்துக்காட்டினேன். அத்திபெலே இயந்திரத்தில் திறந்து பார்த்தால்தான் அங்கே பக்கம் உண்மையில் எப்படி நின்றது என்று தெரியும். அதுவரை காரணம் எழுதக் கூடாது. அதற்கு வாடிக்கையாளரின் பாதுகாப்பு அலுவலகம் அனுமதி தர வேண்டும். என் பெயர், கௌதமி பெயர், செந்தில் பெயர் மூன்றையும் போட்டுக் கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது. தங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியமானது என்று ஓர் இயந்திரம் எழுதியிருந்தது.

செந்தில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இணையத்தில் தேடி, சோதனை அமைப்புகளில் ஒரே ஒரு வரி சேர்த்தான். இனிமேல் சேமிக்கப்படும் பக்கங்கள் ஸ்டைலையும் ஸ்கிரிப்டையும் குறிப்பிட்ட ஒரு முகவரியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படியான வரி. நல்ல உத்திதான், நீங்களும் பயன்படுத்துவீர்கள். எந்த முகவரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுநாள் சோதனை மறுபடி தோற்றது. நாகேஷ் பக்கத்தைத் திறந்தார். இம்முறை கதவைச் சாத்திக்கொண்டு திறந்தார். பக்கம் அழகாக உடுத்தி நின்றது. தலைப்பு நீலத்தில், பொத்தான் புதுப் பச்சையில், அறிவிப்புகள் எல்லாம் அடக்கமாக மறைந்து.

“பார்த்தீங்களா!” என்று எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். பெரிய திரையில் போட்டார். கேன்டீனிலிருந்து மத்தூர் வடை வந்தது. “செந்தில் சரி பண்ணிட்டான் மேடம். பக்கம் பர்ஃபெக்ட்டா இருக்கு.”

“சோதனை தோற்றிருக்கிறதே,” என்றேன்.

“அது பக்கம் சரியா இருந்தும் ஃபெயில் ஆகுதுன்னா, டெஸ்ட்தானே தப்பு?” நாகேஷ் கௌதமியைப் பார்த்தார். “கௌதமி, ஏனு மா இது? நல்லா இருக்கிற பக்கத்த போய் ஃபெயில் பண்றியே.”

கௌதமி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். “நேத்து பக்கத்துல துணி இல்ல, அதனால அவன் தப்பு. இன்னிக்கி துணி இருக்கு, அதனால நான் தப்பு. நாளைக்கி யாரு சார், வடை போட்டவரா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தப் புதுப்பிப்பும் அதே மாதக் கடைசியில்தான். ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் பிழைத்தால் மற்றவர் போக வேண்டும் என்ற நிலை, ஒரு வடை ஆறுவதற்குள் உருவாகிவிட்டது. அலுவலகங்களில் இதற்கு யாரும் திட்டமிட வேண்டியதில்லை. அதுவாக நடக்கும்.

எனக்கு அந்தப் பக்கத்தின் அழகுதான் உறுத்தியது. சோதனை சொன்ன ஒற்றை வரி இதுதான்: ‘ரத்து அறிவிப்பு கண்ணுக்குத் தெரிகிறது; தெரியக் கூடாது.’ திரையில் பார்த்தால் ரத்து அறிவிப்பு எங்கேயும் இல்லை. அங்கே நின்று பார்த்த சாட்சி ஒன்று சொல்கிறது, இங்கே நாம் பார்க்கும் படம் வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்று வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் செந்தில் எழுந்தான்.

“சார், ஒரு நிமிசம் அந்தப் பக்கத்தப் பார்த்துட்டே இருங்க.”

சொல்லிவிட்டுத் தன் மடிக்கணினியின் மூடியை மெதுவாகச் சாத்தினான். “இப்ப ரிஃப்ரெஷ் பண்ணுங்க சார்.”

நாகேஷ் பண்ணினார். சக்கரம் ஒன்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு பெரிய திரையில் தலைப்பு, நீலம், பச்சை எல்லாம் போய்க் கறுப்பு எழுத்துகள் இடது ஓரத்தில் வந்து நின்றன. உறுதியானது. ரத்து செய்யப்பட்டது. இயந்திரம் பழுது.

“அது என்ற மெஷின்ல இருந்து வாங்கிப் போட்ட சட்டைங்க சார்,” என்றான் செந்தில். “அத்திபெலேல அது என்ன போட்டுட்டு நின்னுச்சுன்னு எனக்கும் தெரியாதுங்க. கௌதமி டெஸ்ட்டு தப்புன்னு இத வெச்சுச் சொல்ல முடியாதுங்க.”

கௌதமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பைத்தியமாடா நீ? மூடி வெச்சவன் வாயையும் சேத்து மூடியிருந்தா, நீ பெர்மனெண்ட் ஆயிருப்பே.”

“ஆமாங்க்கா. ஆனா அப்பறம் வடை எறங்காதுங்க்கா.”

பல திறமைசாலிகளுடன் வேலை பார்த்திருக்கிறேன். தனக்கு வசதியாக இருக்கும் சான்று பொய் என்று தானே எழுந்து சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதற்கும் ஒரு கை போதும். இதை அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. புகழ்ச்சி தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அவனுடைய நேர்மையால் ஆன பலன் என்னவென்றால், பழி மறுபடி அவன் மேலேயே வந்து உட்கார்ந்தது. நாகேஷின் தர்க்கம் எளிமையானது. சோதனை சொல்வது உண்மை என்றால், அத்திபெலேயில் ஸ்டைல் வரவில்லை. ஸ்டைலை மாற்றியவன் செந்தில். ஆகவே செந்தில்.

“மற்ற எல்லா இயந்திரத்திலும் வருகிறதே, நாகேஷ்.”

“அங்க மட்டும் வராத மாதிரி ஏதோ எழுதியிருப்பான் மேடம்.”

“ஒரு பச்சை நிறத்தை வைத்துக்கொண்டா?”

“நீங்களே சொல்லுங்க, வேற என்ன காரணம்?”

“தெரியவில்லை.”

அந்தச் சொல்லைக் கேட்டு அறையில் இருந்த எல்லோரும் சங்கடப்பட்டார்கள். இத்தனை வருட அனுபவசாலி தெரியவில்லை என்று சொல்வது, கல்யாண வீட்டில் சமையற்காரர் உப்புப் போட்டேனா என்று கேட்பது போல.

பிழைப் பதிவில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அழுத்தினால் நான்கு தேர்வுகள் விரியும். நிரல் பிழை, சோதனைப் பிழை, தரவுப் பிழை, சூழல் பிழை. ‘தெரியவில்லை’ என்பது அதில் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் பதிவை மூட முடியாது. பதிவை மூடாமல் தளத்தை வெளியிட முடியாது. சோதனைத் துறையின் பொறுப்பில் இருந்த என் கையொப்பம் இல்லாமல் எதுவும் நகராது. முதல் தேர்வைத் தொட்டால் செந்தில், இரண்டாவதைத் தொட்டால் கௌதமி. நான்காவதைத் தொட வேண்டும் என்றுதான் என் மனம் சொன்னது. இயந்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் பார்க்காத இயந்திரத்தின் மேல் பழி போடுவதற்கும் பார்க்காமல் செந்தில் மேல் போடுவதற்கும் என்ன வித்தியாசம்? இயந்திரம் அழாது என்பது மட்டும்தான்.

நாகேஷ் தினமும் என் மேசைக்கு வந்தார். “ஒரு கிளிக்தானே மேடம்.”

“ஒரு கிளிக்தான். அதனால்தான் யோசிக்கிறேன்.”

“கிளையன்ட் கேக்கறாங்க. மேல கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“அவர்களுடைய பாதுகாப்பு அலுவலகத்தின் பதிலுக்காக அவர்களே காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.”

“சும்னே இருங்க மேடம். அப்படிச் சொன்னா என்ன கொன்னுடுவாங்க.”

இதில் நாகேஷைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். மேலிருந்து அவரைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். காரணம் என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, அவருக்கும்தான். நெருக்கடி நேரத்தில் யாரும் உண்மையைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். அப்போது உங்கள் கண்முன் நான்கு தேர்வுகள் விரிந்திருக்கும், ஐந்தாவது இருக்காது.

மாதக் கடைசி வந்தது. பதில் வரவில்லை. மனிதவளத் துறைப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, செந்தில் பற்றிய புகார் நிரூபணமானதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் பொய்யா? அதுவும் இல்லை என்றேன். அவருடைய படிவத்திலும் மூன்றாவது கட்டம் இல்லை. கடைசியில் தகுதிகாண் காலத்தை ஒரு மாதம் நீட்டித்தார்கள். கௌதமியின் ஒப்பந்தத்தையும் அதேபோல ஒரு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்தார்கள். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் காரணம் வராவிட்டால், நவம்பரின் முதல் திங்கட்கிழமை இருவரில் ஒருவரை விடுவிப்பதாக ஏற்பாடு. யாரை என்பதைப் பதிவின் கட்டம் சொல்லும்.

நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். ஆயுத பூஜை வந்தது. அலுவலகத்தில் எல்லாக் கணினிக்கும் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். கௌதமி கையில் குங்குமத்தோடு என் மேசைக்கு வந்தாள். “எல்லாத்துக்கும் வெச்சாச்சி மேடம். அத்திபெலேல இருக்கறதுக்கு மட்டும் வெக்கல. பெர்மிஷன் கேட்டிருக்கோம்.”

செந்தில் மெலிந்துபோனான். வேலை போனால் அண்ணனின் கோழிப்பண்ணைக்குத்தான் போக வேண்டும் என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தான். “படிக்க வெச்சதுக்குக் கோழி காலத் தொட்டுக் கும்பிடச் சொல்லுவானுங்க.” சிரிப்பதற்காகச் சொன்னான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஒரு நாள் நாகேஷ் என்னிடம், சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், எனக்கே அவன் பண்ணலன்னுதான் தோணுது. நீங்க நாலாவத அமுக்கிடுங்க, நான் கண்டுக்க மாட்டேன்,” என்றார்.

கை நீண்டதை மறைக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் தள்ளி யோசித்துப் பாருங்கள். சூழல் பிழை என்று எழுதினால் பதிவு மூடப்படும். தளம் வெளியாகும். அத்திபெலே இயந்திரத்தில் ஸ்டைல் ஏன் வரவில்லை என்று அதன் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். அதே காரணம் மருத்துவமனைக் கணினிகளிலும் இருந்தால்? செவிலியர் காலையில் பக்கத்தைத் திறப்பார். ‘உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது’ என்று பார்ப்பார். வாரத்தில் மும்முறை ஊசி குத்திக்கொள்ள வரும் ஒருவரை, இன்றைக்கு உங்களுக்கு இல்லை என்று திருப்பி அனுப்புவார். அனுதாபத்தால் எழுதும் காரணமும் பார்க்காமல் எழுதியதுதான். நாகேஷிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கிளிக் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் முடிந்தது. கட்டம் காலியாகவே இருந்தது. மறுநாள் கர்நாடக ராஜ்யோத்சவம், மாநிலம் பிறந்த நாள், விடுமுறை. தெருவெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி, ஆட்டோக்களில் வாழைக்கன்று, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. வீட்டில் உட்கார்ந்து திங்கட்கிழமை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இம்முறை மனிதர் எழுதியது. எழுத்துப் பிழையிலிருந்து தெரிந்தது. குறிப்பிட்ட இயந்திரத்தை நேரில் பார்வையிட அனுமதி வழங்கப்படுகிறது. விண்ணப்பத்தில் பெயர் உள்ள மூவர் மட்டும். அனுமதி இன்று மாலை வரை செல்லும்.

கௌதமியை அழைத்தேன். பின்னணியில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. “இன்னிக்கா மேடம்? லீவு நாள்ள குடுத்தா யாரும் வர மாட்டாங்கன்னு குடுத்திருப்பாங்க. அய்யே, நாம போறோம்.”

செந்திலை அழைத்தேன். காற்றுச் சத்தம்.

“எங்கே இருக்கிறாய்?”

“பஸ்ல இருக்கறனுங்க மேடம். ஊருக்கு. அண்ணங்கிட்ட நேர்ல சொல்லிப்போட்டு வந்தர்லாம்னு.”

“என்ன சொல்ல?”

நடத்துநர் யாரிடமோ சில்லறை கேட்டுக் கத்தினார்.

“பஸ் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?”

“பொம்மசந்திரா தாண்டிருச்சுங்க.”

“அத்திபெலேயில் இறங்கு.”

“எதுக்குங்க மேடம்?”

“இறங்கு. அது யார் சட்டை என்று பார்க்கப் போகிறோம்.”

நானும் கௌதமியும் டாக்ஸி பிடித்து, ஊர்வலங்களுக்கு நடுவே புகுந்து போய்ச் சேர்ந்தபோது, கணினிக் கூடத்தின் வாசலில் தோளில் பையும் கையில் ஓர் இனிப்புப் பொட்டலமுமாகச் செந்தில் நின்றுகொண்டிருந்தான். காவலாளி ஓசூர்க்காரர். விடுமுறை நாளில் வேலைக்கு வரும் ஆட்களை அவர் முன்பின் பார்த்ததில்லை போலிருந்தது. அனுமதியை இருமுறை படித்துவிட்டு, “மூணு பேருதானே? இனிப்புக்கு பர்மிசன் இல்ல, இங்கயே வெச்சிட்டுப் போங்க,” என்றார்.

உள்ளே பணியில் ஒருவர்தான் இருந்தார். இயந்திரத்தைக் காட்டினார். கௌதமி சோதனையை ஓட விட்டாள். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கம் திறந்தது. தலைப்பு இல்லை, நீலம் இல்லை, பச்சை இல்லை. கறுப்பு எழுத்துகள், இடது ஓரத்தில். இது சேமித்த பக்கம் அல்ல, நேரடிப் பக்கம். அங்கே அது உண்மையாகவே அப்படித்தான் நின்றது.

செந்தில் குனிந்து, எந்தக் கோப்பு வந்தது, எது வரவில்லை என்று காட்டும் உலாவியின் பின்புறப் பட்டியலைத் திறந்தான். ஸ்டைல் கோப்பு, தடுக்கப்பட்டது. ஸ்கிரிப்ட் கோப்பு, தடுக்கப்பட்டது. சிவப்பில் எழுதியிருந்தது. இரண்டும் எங்கள் அலுவலக முகவரியிலிருந்து வர வேண்டியவை.

“இதை யார் தடுத்தது?” என்று பணியில் இருந்தவரிடம் கேட்டேன்.

“நாங்கதான் மேடம். வெளி முகவரியில இருந்து பக்கம் வரலாம், கூட எந்த ஃபைலும் வரக் கூடாதுன்னு விநாயக சதுர்த்தி முடிஞ்ச வாரம் ஆர்டர் வந்துச்சி. மூடிட்டோம்.”

“ஆஸ்பத்திரிகளிலுமா?”

“அங்க அடுத்த வாரம் மூடணும்.”

“எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கலையே.”

“கேட்டுக்கொண்டே இருந்தோமே!”

“எங்கிட்ட கேக்கலையே மேடம்.”

கௌதமி கன்னடத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள். அதை இங்கே சொல்ல முடியாது. அவர் சிரித்துவிட்டு, எங்கள் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கவும் மருத்துவமனைகளில் மூடுவதை நிறுத்தவும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஓர் எண் கொடுத்தார். அங்கிருந்தே பேசினேன், அவர்கள் எங்கள் முகவரியைத் திறந்துவிட்டார்கள். சோதனை மறுபடி ஓடியது. தேறியது.

நாகேஷை அழைத்தேன். அவர் குடியிருப்பில் கொடியேற்றிக்கொண்டிருந்தார். சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, “ரெண்டு பேர்கிட்டயும் ஃபோன குடுங்க மேடம்,” என்றார். என்ன பேசினார் என்று தெரியாது. கௌதமி, “சரி சார், விடுங்க சார், பரவால்ல சார்,” என்று மூன்று முறை சொன்னாள். செந்தில் தலையை மட்டும் ஆட்டினான், தொலைபேசியில்.

வெளியே வந்து இனிப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டோம். காவலாளி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு அனுமதி கேட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

“நா அப்புடியே ஊருக்குப் போயிட்டு வந்தர்ட்டுங்களா மேடம்? அண்ணங்கிட்ட இப்ப வேற சொல்லோணும்.”

“போய் வா. திங்கட்கிழமை காலை இருக்க வேண்டும்.”

சேலம் பேருந்து ஒன்று வந்தது. ஓடிப்போய் ஏறி, படியில் நின்றபடி கையசைத்தான். கௌதமி, “உள்ள போடா, விழுந்து தொலையாத, மறுபடி பர்மிஷன் வாங்க என்னால முடியாது!” என்று கத்தினாள்.

டாக்ஸியில் திரும்பும்போது மடிக்கணினியைத் திறந்து, அந்தக் கட்டத்தில் நான்காவது தேர்வைத் தொட்டேன், சூழல் பிழை. திங்கட்கிழமை இருவரில் யாரையும் அந்தக் கட்டம் சொல்லாது. கீழே இன்னொரு கட்டம் இருந்தது. வாடிக்கையாளரின் பதில் வந்த தேதி என்று கேட்டது. தட்டினேன்: நவம்பர் ஒன்று.